‘ஊறவைத்தல்’ – ஓர் அடுக்களைச் சொல்லின் வேரும் விரிவும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், காப்பியத்தையோ கவிதைக் கொள்கையையோ விடுத்து, அடுக்களையில் அன்றாடம் வழங்கும் ஒரு வினைச்சொல்லைப் பேசுபொருளாக்குவது அவையோரிற் சிலர்க்கு வியப்பைத் தரலாம். ஆயின் கோலியனூரை உள்ளிட்ட இந்நிலப்பகுதிக்கு அது புதிய வழக்கன்று. இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக விளங்கும் கிடங்கில் என்னும் ஊர்க்குத் தலைவனாகி ஓய்மாநாட்டை ஆண்டவன் நல்லியக்கோடன். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, அவன் நாட்டு வழியிற் செல்லும் பாணர் எந்த ஊரில் எதனை உண்பர் என்பதை ஊர்வாரியாகச் சொல்கிறது. கடற்கரைப் பட்டினத்தில் சுட்ட குழல்மீன். முல்லைநிலத்து வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறு. மருதநிலத்து ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கலவையும் எனப் பட்டியல் நீள்கிறது. உணவைப் பாடுதல் புலமைக்கு இழுக்கன்று என நத்தத்தனார் கருதியமை இதனாற் பெறப்படும். உணவு பாடுபொருளாகலாம் எனின், உணவை ஆக்கும் வினைக்குரிய சொல் ஆய்வுப்பொருளாவதற்குத் தடையில்லை.

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் சொல் ‘ஊறவைத்தல்’ என்பது.

ஒரு சொல், இரு திசை

மாலை மயங்கும் வேளையில் கோலியனூர் வீடுகளில் தவறாது கேட்கும் வினா ஒன்று உண்டு. “அரிசி ஊற வச்சாச்சா?” என்பதே அது. இட்டலிக்கு அரிசியும் உளுந்தும் வெந்தயமும் ஊற வேண்டும். சுண்டலுக்குக் கொண்டைக்கடலை இரவு முழுவதும் ஊற வேண்டும். குழம்பிற்குப் புளி ஊற வேண்டும். மணிலாக்கொட்டை என்னும் பெயரைச் சுருக்கி இப்பகுதியினர் ‘மல்லாட்டை’ என வழங்கும் நிலக்கடலையும், காய்ந்த பருப்பாக இருப்பின், வேகுமுன் ஊற வேண்டும். இவ்விடங்களிலெல்லாம் நீர் வெளியே இருக்கிறது. பொருள் அதனுள் கிடக்கிறது. நீர் வெளியிலிருந்து உள்ளே செல்கிறது.

இதே பெண்டிர், இதே நாளில், இதே சொல்லை வேறு வகையிலும் ஆள்கின்றனர். “கெணத்துல தண்ணி ஊறல” என்கின்றனர். “மாங்காயப் பாத்ததும் வாயில எச்சி ஊறுது” என்கின்றனர். மகப்பேறு கண்டவளுக்குப் பால் ஊறுவதற்காகப் பூண்டும் சுறாப்புட்டும் சமைத்துத் தருகின்றனர். இவ்விடங்களில் நீரோ பாலோ உள்ளிருந்து வெளியே வருகிறது.

உள்ளே செல்வதும் ஊறுதல். வெளியே வருவதும் ஊறுதல். முற்றிலும் எதிரான இரு திசைகளை ஒரே சொல் எவ்வாறு தாங்குகிறது? இவை வடிவொத்த இரு சொற்களா, அன்றி ஒரே சொல்லின் இரு நிலைகளா? இதில் எது முன்னையது? அடுக்களையில் எவரும் கேளாத இவ்வினாவிற்கு விடை தேடுங்கால், தமிழ்ச் சொல்லமைப்பின் ஓர் அரிய இயல்பு புலப்படுகிறது.

விலக்க வேண்டிய இரண்டு

வேர் காணப் புகுமுன், உறவுபோலத் தோன்றி உறவல்லாத இரு சொற்களை விலக்குதல் வேண்டும்.

முதலாவது, ‘ஊறு’ என்னும் பெயர்ச்சொல். திருக்குறளின் 27-ஆம் பாவில் ஐம்புலன்களை எண்ணுமிடத்து ‘ஊறு’ என்பது தொடுவுணர்ச்சியைக் குறிக்கிறது. 662-ஆம் பாவில் அது வினைக்கு நேரும் இடையூற்றைக் குறிக்கிறது. இவ்விரண்டும் ‘உறு’ என்னும் வினையடியாகப் பிறந்தவை. கெடு என்பது கேடு எனவும், சுடு என்பது சூடு எனவும், பெறு என்பது பேறு எனவும் முதல் நீண்டு பெயராவது போல, உறு என்பது ஊறு என நீண்டு பெயராயிற்று. இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர் இலக்கணநூலார். உறுவது, அதாவது வந்து பொருந்துவது, தொடுவுணர்வாகவும் இருக்கலாம், துன்பமாகவும் இருக்கலாம். அரிசி ஊறுதலோடு இதற்கு உறவில்லை. இறந்தகால வடிவம் இதனைத் தெளிவாக்கும். உறு என்பது ‘உற்றது’ என வரும். ஊறு என்பது ‘ஊறியது’ என வரும். மேடைகளில் ‘ஊறு’ என்னும் ஒரே சொல் நீரையும் துன்பத்தையும் குறிப்பதாகச் சொல்லி நயம் காட்டுவோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் நன்று.

இரண்டாவது, ‘ஊர்’ என்னும் சொல். நீர் ஊறும் இடத்தில் மக்கள் குடியேறினர்; ஆதலின் ‘ஊறு’ என்பதே ‘ஊர்’ ஆயிற்று என்று கூறுவது கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. கோலியனூர் போல ‘ஊர்’ என முடியும் பெயருடைய ஓர் இடத்தில் இக்கூற்றிற்குக் கைதட்டலும் கிடைக்கும். ஆயின் மொழி வரலாறு இதற்குத் துணை நில்லாது. ஊர் என்பதில் இருப்பது இடையின ரகரம். ஊறு என்பதில் இருப்பது வல்லின றகரம். வடமாவட்டப் பேச்சில் இவ்விரண்டும் ஒன்றாக ஒலிப்பதால் உறவு இருப்பதுபோல மயக்கம் எழுகிறது. இவ்வேறுபாட்டை இன்றும் பேச்சிற் போற்றும் மலையாளத்தில் ஊர் வேறு, ஊறல் வேறு என்பது செவிக்கே புலனாகும். தெலுங்கில் இன்று இரண்டும் ஒரே ரகரத்தால் எழுதப்பெறினும், பழந்தெலுங்கு கசிதற்பொருளிலான சொல்லை வல்லின றகரத்தாலேயே எழுதிற்று.

இம்மயக்கம் ஆய்வோடு நிற்பதன்று. கையால் எழுதி வைக்கும் சமையற் குறிப்புகளில் ‘அரிசியை நான்கு மணி நேரம் ஊர வைக்கவும்’ என்று எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். ஊர்தல் எறும்பின் தொழில். ஊறுதல் நீரின் தொழில். ஓரெழுத்துப் பிழையால் அரிசி எறும்பாகிறது என்பதோடு இது முடிந்துவிடுவதில்லை. ஊற்று, ஊறல், ஊறுகாய் ஆகிய தன் சுற்றத்தினின்றும் அச்சொல் துண்டிக்கப்படுகிறது என்பதே பெரிய இழப்பு.

உடன்பிறந்த மொழிகளின் சான்று

இனி, உள்ளே செல்லுதல், வெளியே வருதல் ஆகிய இரு பொருளுள் எது முன்னையது என்பதைக் காணலாம். இதற்கு உடன்பிறந்த மொழிகள் உதவுகின்றன. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உண்டு. ஆதலின் இச்சான்றுகளுள் ஒரு பகுதியை அண்டை வீட்டு அடுக்களையிலேயே கேட்டு அறியலாம்.

சுவையான உணவைக் கண்டதும் வாயில் நீர் சுரப்பதைத் தெலுங்கர் ‘நோரூரு’ என்பர். நோரு என்பது வாய். கன்னடர் ‘பாயல்லி நீரூருத்ததெ’ என்பர். மலையாளத்தார் ‘வாயில் வெள்ளமூறும்’ என்பர். தமிழர் ‘வாயூறும்’, ‘நாவூறும்’ என்பர். நான்கு மொழிகளும் இதற்கு ஒரே வேரை ஆள்கின்றன. ஆகவே உள்ளிருந்து கசிந்து வெளிவருதல் என்னும் பொருள் இம்மொழிகள் தனித்தனியே பிரியுமுன்னரே இருந்த பழம்பொருள் எனக் கொள்ளலாம்.

ஆயின் அரிசியை நீரில் இட்டு வைப்பதற்கு இந்நான்கு மொழிகளும் ஒரே சொல்லை ஆளவில்லை. தெலுங்கர் ‘நானபெட்டு’ என்கின்றனர். கன்னடர் ‘நெனெசு’ என்கின்றனர். இவ்விரண்டும் தமிழின் ‘நனை’ என்பதற்கு உறவானவை. மலையாளத்தார் ‘குதிர்க்குக’ என்கின்றனர். தமிழ் மட்டுமே, கிணற்றில் நீர் சுரப்பதற்கும் வாயில் நீர் சுரப்பதற்கும் உரிய பழஞ்சொல்லைப் பானையில் கிடக்கும் அரிசிக்கும் பொதுச்சொல்லாகத் தந்திருக்கிறது.

இலக்கியச் சான்றும் இதனோடு ஒத்துச் செல்கிறது. கல்வி அதிகாரத்தின் 396-ஆம் குறள், தோண்டுந்தோறும் நீர் ஊறும் மணற்கேணியை அறிவிற்கு உவமையாக்குகிறது. 1121-ஆம் குறள் காதலியின் பற்களிடையே ஊறிய நீரைச் சொல்கிறது. 1161-ஆம் குறள் மறைக்க மறைக்க மிகும் காமநோய்க்கு, இறைக்க இறைக்கப் பெருகும் ஊற்றுநீரை உவமையாக்குகிறது. ஔவையாரின் நல்வழி, வெள்ளம் வற்றி மணல் சுடும் நாளிலும் ஊற்றுநீரால் உலகூட்டும் ஆற்றைக் காட்டி, நற்குடிப் பிறந்தாரின் ஈகையை விளக்குகிறது. இவற்றிலெல்லாம் நீர் உள்ளிருந்தே வருகிறது. தென்பெண்ணையின் வறண்ட மணலைக் கையால் அகழ்ந்து நீர் கண்டோர்க்கு இவ்வுவமைகளின் உண்மையை விளக்கவேண்டியதில்லை.

அவ்வாறாயின், வெளிவருதலைக் குறித்த சொல் உட்செல்லுதலையும் குறிக்கத் தொடங்கியது எவ்வழியால்? இதற்கான விடை ஊறுகாய்ச் சாடியில் இருக்கிறது எனக் கருத இடமுண்டு.

இடையில் நிற்கும் பாலம்

மாவடு இடும் முறையை எண்ணிப் பார்க்கலாம். பிஞ்சு மாங்காய்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சிறிது எண்ணெய் தடவி, உப்பைப் பரப்பிச் சாடியில் அடுக்குவர். நீர் சிறிதும் சேர்ப்பதில்லை. இரண்டொரு நாள் கழித்துச் சாடியைக் குலுக்கினால் உள்ளே நீர் தளும்பும் ஒலி கேட்கும். அந்நீர் வடுவிலிருந்து வந்தது. அதாவது வடு ஊறியிருக்கிறது. அதே வேளையில் வெளியில் இருந்த உப்பு வடுவினுள் சென்றிருக்கிறது, அதுவும் ஊறியிருக்கிறது. தோல் சுருங்குவது நீர் வெளியேறியதற்கு அடையாளம். கடித்தால் உள்வரை உப்புக் கரிப்பது உப்பு உட்சென்றதற்கு அடையாளம். பள்ளி அறிவியல் நூல்கள் சவ்வூடு பரவல் எனக் குறிக்கும் நிகழ்வு இதில் அடங்கியிருக்கிறது. நுண்ணிய சவ்வின் ஊடாக நீர் உப்பு மிகுந்த பக்கம் நோக்கிச் செல்கிறது.

ஆக, ஒரே சாடியில், ஒரே காலத்தில், இரு திசை ஊறலும் நிகழ்கிறது. உற்று நோக்கிய அடுக்களைக் கண்கள் இவ்விரண்டையும் இரு செயல்களாகப் பிரிக்கவில்லை. ஒரே செயலாகக் கண்டு ஒரே சொல்லால் வழங்கின. வடுவில் நிகழ்வதே அரிசியிலும் நிகழ்கிறது என்னும் ஒப்புமையால், சொல் சாடியிலிருந்து பானைக்குச் சென்றிருத்தல் கூடும். தெலுங்கர் அரிசிக்கு ‘நானபெட்டு’ என்று கூறினும், ஊறுகாய்க்கு ‘ஊரகாய’ என்றே கூறுகின்றனர். பாலத்தின் மறுகரையாகிய அரிசிப்பானைக்குத் தமிழ் சென்றது. தெலுங்கு பாலத்திலேயே நின்றுவிட்டது எனலாம்.

வடுவை ஊறவைக்கும் வழக்கத்தின் பழைமைக்கும் சான்றுண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, அந்தணர் இல்லத்து விருந்தில் மாவின் நறிய வடுவைக் காடியில் இட்ட உணவைக் குறிப்பிடுகிறது. காடி என்பது புளித்த நீர். ஊறுகாய் என்னும் சொல் அங்கு இல்லை, அப்பொருள் இருக்கிறது.

‘ஊறுகாய்’ என்னும் பெயரமைப்பும் எண்ணத்தக்கது. கன்னடர் ‘உப்பினகாயி’ என்கின்றனர். பெயரில் உப்பு முன்னிற்கிறது. மலையாளத்தார் ‘உப்பிலிட்டது’ எனவும் ‘அச்சார்’ எனவும் கூறுகின்றனர். முன்னதில் இட்ட செயல் முன்னிற்கிறது. பின்னது பாரசீகத்திலிருந்து பரவிய சொல். தமிழ்ப் பெயரில் உப்பும் இல்லை, இட்டவரும் இல்லை; காயும் அதன் செயலுமே உள்ளன. பள்ளி மாணவரும் அறிந்தவாறு ஊறுகாய் என்பது வினைத்தொகை. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலத்திற்கும் பொதுவாய் விரியும். இலக்கண வகுப்பில் வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டாக இச்சொல்லைக் கூறிவிட்டு அடுத்ததற்குச் செல்வதே வழக்கம். ஆயின் சாடியின் இயல்பை இத்துணைப் பொருத்தமாக உணர்த்தும் இலக்கண வடிவம் வேறில்லை. நேற்று ஊறியது, இன்றும் ஊறுகிறது, உண்டு தீரும்வரை ஊறும். காலம் கரந்த பெயரெச்சம் என்று இலக்கணம் கூறுவதைச் சாடி மெய்ப்பிக்கிறது.

ஊற்றி ஊறவைத்தல்

‘ஊறவைத்தல்’ என்னும் தொடரமைப்பினுள் இன்னொரு நுட்பம் உள்ளது.

தமிழில் டகர, றகர ஒற்று இரட்டித்துத் தன்வினை பிறவினையாவது பெருவழக்கு. ஆடு–ஆட்டு, ஓடு–ஓட்டு, மாறு–மாற்று, ஏறு–ஏற்று என்பன போல, ஊறு என்பதன் பிறவினை ஊற்று. எனவே ‘அரிசியை ஊற்று’ என்றால் அரிசியை ஊறச் செய் எனப் பொருள்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு பொருள்படவில்லை. ஊற்றுதல் என்பது நீரையும் நீர்போன்றவற்றையும் பெய்தல் என்னும் பொருளில் நிலைத்துவிட்டது. பழைய ‘வார்த்தல்’ என்னும் சொல் நின்ற இடங்களிலும் அது புகுந்தது. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் ‘கூழ் வார்த்தல்’ என எழுத்திற் குறிப்பதைக் கோலியனூர்ப் பேச்சில் ‘கூழ் ஊத்துறது’ என்பர். தோசையும் சில வீடுகளில் வார்க்கப்படுகிறது; பல வீடுகளில் ஊற்றப்படுகிறது.

பிறவினையின் இடம் இவ்வாறு வேறு பொருளுக்குப் போய்விட்டமையால், அரிசிக்குப் புதிய வடிவம் ஒன்று தேவைப்பட்டது. ‘ஊற’ என்னும் எச்சத்தோடு ‘வை’ என்னும் துணைவினை சேர்ந்தது. சிரிக்கவை, அழவை என்பவற்றிற்போல இங்கும் அது செய்விக்கும் பொருளையே தருகிறது என்று கூறிவிடலாம். ஆயின் ஊறவை என்பதனோடு ‘ஊறப்போடு’ என்பதும் ஒப்ப வழங்குகிறது. ‘சிரிக்கப்போடு’ என எவரும் கூறார். போடுதலோடு இடம் மாற்றிக்கொள்ளும் இயல்பால், இங்குள்ள வைத்தலில் ‘ஓரிடத்தில் வைத்துவிடுதல்’ என்னும் பழம்பொருள் இன்னும் உயிரோடிருப்பது தெரிகிறது. காயவை, உலரப்போடு, ஆறவிடு என்பனவும் இவ்வினத்தைச் சார்ந்தவை. இவை அனைத்திலும் மனிதர் செய்வது ஒன்றே: வைப்பது, போடுவது, விடுவது. மற்றதை வெயிலும் காற்றும் நீரும் காலமும் செய்கின்றன.

‘அரிசியில் தண்ணீர் ஊற்றி ஊறவை’ என்னும் எளிய தொடரில் ஒரே வேர் இருமுறை வருகிறது. ஊற்றுதல் மனிதர் தொழில். ஊறுதல் அரிசியின் தொழில். சமைப்பவர் செய்யத்தக்கது எவ்வளவு, செய்ய இயலாதது எவ்வளவு என்னும் எல்லையை அத்தொடர் வரைந்து காட்டுகிறது. எவ்வளவு விரைவாக நீரை ஊற்றினாலும் அரிசி தன் காலத்தில்தான் ஊறும்.

வயலிலும் இதுவே முறை. விதைநெல்லை ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி மூட்டமிட்டு முளைகட்டுவர். அங்கு நீர் உள்ளே செல்கிறது. முளை வெளியே வருகிறது. உழவர் இடையில் காத்திருக்கின்றனர்.

நனைத்தலும் ஊறலும்

ஊறுதலை அதன் அயற்சொற்களோடு ஒப்பிடும்போது அடுக்களைத் தமிழின் துல்லியம் விளங்கும். அரிசியைக் களைவர், கீரையை அலசுவர், அவலை நனைப்பர், பருப்பை ஊறவைப்பர், புளியை ஊறவைத்துக் கரைப்பர், இறைச்சியில் மசாலாவைப் பிசறி ஊறவிடுவர், அப்பளத்தை எண்ணெயில் முக்கி எடுப்பர். இவற்றுள் நீர்மத்தின் தொடர்பு எல்லாவற்றிற்கும் பொது. ஆழமும் நேரமும் வெவ்வேறு.

நனைதல் மேற்பரப்பில் நிகழ்வது, நொடியில் முடிவது. ஊறுதல் உட்புறத்தில் நிகழ்வது, நேரம் கேட்பது. மெல்லிய அவலை நனைத்து உடனே பிழிய வேண்டும், ஊறவிட்டால் கூழாகும். கொண்டைக்கடலையை நனைத்து மட்டும் அடுப்பேற்றினால் எத்துணை விறகு செலவிட்டாலும் நடு வேகாது. உளுந்து ஊறுவதற்கும் அளவுண்டு. மிகுதியாக ஊறிய உளுந்து அரைக்கும்போது பொங்கி வாராது என்பது அடுக்களை அறிந்த உண்மை. அரிசி ஊறிற்றா என்பதை நேரம் பார்த்து அறிவதில்லை. ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்தி, எளிதில் முறிகிறதா என்று பார்ப்பர். ஊறுதல் அரிசியின் தொழிலாதலின், முடிந்ததா என்பதை அரிசியிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

பேச்சுவழக்கு இச்சொல்லை மனிதர்க்கு ஏற்றும்போதும் இவ்வேறுபாடு கெடுவதில்லை. ‘அவர் தமிழில் ஊறியவர்’ என்பது புகழ். அங்கு ‘நனைந்தவர்’ எனக் கூறினால் பாராட்டுக் குறைகிறது. ‘ஊறிப்போன பழக்கம்’ என்பது இகழ்ச்சி. துடைத்து எடுக்க இயலாதபடி உட்புகுந்தது என்பது கருத்து. ‘கோப்பை ஊறப் போட்டுவிட்டார்கள்’ என்பது அலுவலகத்தின்மேல் சொல்லும் குறை. செய்தித்தாள்களில் கல்வராயன் மலைப்பகுதியில் ‘சாராய ஊறல்’ அழிக்கப்பட்டதாக வரும் செய்திகளிலும், வெல்லமும் பட்டையும் நீரிற் கிடந்து நெடுநேரம் மாறுதலடையும் நிலையையே அச்சொல் குறிக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் சேர்ப்பதற்குக் கடுக்காய் ஊறிய நீரை எடுக்கும் கொத்தரும் இச்சொல்லையே ஆள்வர். நன்மையும் தீமையும் தொழிலும் வேறுபடினும் காலமும் உட்புகுதலும் எங்கும் மாறவில்லை.

கவிஞர் நிறைந்த இவ்வவையில் இது சிறப்பாகக் கருதத்தக்கது. மழையில் நனைந்த நிலம் வேறு. மழையில் ஊறிய நிலம் வேறு. கண்ணீரில் நனைந்த தலையணை ஓரிரவின் துயரம். கண்ணீரில் ஊறிய தலையணை பல்லாண்டின் துயரம். ஓசைக்கு இசைந்தது என ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இட்டால், அடுக்களையில் ஒரு பெண் செய்யாத பிழையைக் கவிஞர் செய்தவராவார்.

புதிதாக வந்த சொல்

அண்மைக் காலத்தில் சமையற் குறிப்புகளிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் ‘மேரினேட் செய்யவும்’ என்னும் தொடர் பெருகி வருகிறது. கோழியில் தயிரும் மஞ்சளும் உப்பும் பிசறி வைப்பதை நெடுங்காலமாக ஊறவைத்தல் என்றே கூறிவந்த வீடுகளிலும் இன்று அச்சொல் புழங்குகிறது. பிறமொழிச் சொல் என்பதனாலேயே அதனை வெறுக்க வேண்டியதில்லை. அதற்கும் நல்லதொரு வரலாறு உண்டு. பிரெஞ்சில் கடல்நீர்போன்ற உப்புநீரில் இட்டு வைத்தலைக் குறித்த சொல் அது. அதன் அடி கடலைக் குறிக்கும் இலத்தீன் சொல். சென்னைக் கடற்கரைக்கு 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் இட்ட ‘மெரினா’ என்னும் பெயரும் அவ்வேரினதே. கோலியனூர்க் கூட்டுச்சாலையிலிருந்து கிழக்கே பிரியும் வழி சென்று சேரும் புதுச்சேரியில் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நிலவியது. எனவே இச்சொல்லின் மூலமொழி இப்பகுதிக்கு முற்றிலும் அயலானதன்று.

இரு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் எதனைக் கண்டு பெயரிட்டது என்பது தெரியும். அச்சொல் உப்புநீரை நோக்கிற்று. எதில் இடுவது என்பது அதன் கவலை. தமிழ்ச்சொல் காயை நோக்கிற்று. உள்ளே என்ன நிகழ்கிறது என்பது அதன் கவலை. மரக்காணத்து உப்பளங்கள் அருகிலிருக்கும் நாட்டில் உப்பின் பெயரால் இவ்வினையை அழைத்திருப்பினும் வியப்பில்லை. ஆயினும் தமிழ் அவ்வாறு அழைக்கவில்லை. ஒன்று இருக்க மற்றொன்று வந்தால் இழப்பில்லை. ஒன்று போய் மற்றொன்று நின்றால், கிணற்றையும் நாவையும் மார்பையும் சாடியையும் பானையையும் ஒரே நூலாற் கோத்திருந்த உறவு அறுபடும். ‘மேரினேட்’ என்னும் சொல்லைக் கற்கும் குழந்தைக்கு அதிலிருந்து ஊற்றிற்குச் செல்ல வழியில்லை.

இதனினும் பெரிய மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்து வருகிறது. அரைத்த மாவு கடையிலே கிடைக்கிறது. புளிக்கரைசல் புட்டியிலே கிடைக்கிறது. ஊறுகாய் பொட்டலத்திலே கிடைக்கிறது. வேலைக்குச் செல்லும் பெண்டிர்க்கு இவை பெரும் உதவி. அவற்றைக் குறைகூறுவது அறமன்று. முன்னிரவில் ஊறவைத்து விடியலில் அரைத்த கைகளின் சோர்வைச் சொல்லழகின் பெயரால் மறைத்தலும் நேர்மையன்று. ஆயின் செயல் வீட்டைவிட்டு வெளியேறும்போது அச்செயலுக்குரிய சொற்களும் உடன் வெளியேறும் என்பதை மொழியைப் பேணுவோர் அறிந்திருத்தல் வேண்டும். வார்த்தல் அருகி ஊற்றல் பெருகியது போன்ற மாற்றத்தில் ஒரு தமிழ்ச்சொல்லின் இடத்தில் மற்றொரு தமிழ்ச்சொல் நின்றது. இன்று களைதலும் பிசறலும் மூட்டமும் அருகினால் அவ்விடத்தில் நிற்கச் சொல்லே இராது.

ஆற்ற வேண்டிய பணி

தமிழ் அகராதிக் கலை நெடிய வரலாறு உடையது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பின்னர்க் கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டு, மக்கள் வாய்மொழியும் அகராதிக்குரியது என நிறுவினார். விழுப்புரமும் கடலூரும் அடங்கிய நடுநாட்டிற்குக் கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதியைத் தந்துள்ளார். இவை பெரும்பணிகள். இவற்றின் தொடர்ச்சியாக, அடுக்களை வினைச்சொற்களைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றும் எப்பொருளுக்கு, எந்நிலையில், எவ்வளவு நேரத்திற்கு உரியது என்பதோடு பதிவு செய்யும் பணி எஞ்சியிருக்கிறது. ‘ஊறுதல் – நனைதல்’ எனப் பொருள் எழுதிவிட்டால் அவலுக்கும் கடலைக்கும் உள்ள வேறுபாடு அகராதியில் மறைந்துவிடும். அவ்வேறுபாட்டை அறிந்தோர் கோலியனூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் முதிய வயதில் இருக்கின்றனர். அவர்களுட் பலர் எழுதப் படிக்க அறியாதவர். தம் பேச்சு ஆய்வுக்குரியது என எண்ணாதவர்.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் அப்பணியை மேற்கொள்வது பொருத்தமாகும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் அமர்ந்து, ஓர் உணவை ஆக்கும் முறையைத் தொடக்கமுதல் முடிவுவரை அவர் சொல்லாலேயே சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டால் போதும். இடையிற் குறுக்கிட்டுச் செந்தமிழாக்காமல், ‘ஊத்து’ என்றால் ஊத்து என்றும் ‘மல்லாட்டை’ என்றால் மல்லாட்டை என்றும் எழுத வேண்டும். றகரத்தையும் ரகரத்தையும் ஆய்ந்து அமைப்பது எழுதுவோர் கடமை. சொல்லைத் தருவது அம்முதியோர் கொடை.

அவர்கள் ஒருநாளிற் சொல்லி முடிக்க மாட்டார்கள். முதல்நாள் ‘அதுல என்ன இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்’ என்பர். இரண்டாம் முறை சென்றால் ஒரு சொல் வரும். மூன்றாம் முறை சென்றால் அதனோடு ஒரு கதை வரும். தோண்டிய அளவே ஊறும் என்னும் நியதி கேணிக்கு மட்டும் உரியதன்று.